போவதற்கும் டவர் வேணுமாம்

‘எங்க சேவையை விட்டு ஏன் போறீங்க மேடம்?’ என்று கேட்டான் பாருங்கள் செல்போன் கம்பெனிக்காரன். நான் ‘ட’ என்று ஆரம்பித்தேன். ‘வர்’ என்று முடிப்பதற்குள் லைன் கட். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிப் பதில் சொல்வாள்?

நீலகிரியில் எங்கள் கட்டபெட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு டவர் மூலை உண்டு. எங்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் ஏறி, கோத்தகிரி பக்கம் முகத்தைத் திருப்பி, போனை வலது காதில் வைத்தால் சிக்னல் ரெண்டு கோடு. இடது காதுக்கு மாற்றினால் ஒன்று. மூன்று வருஷமாக இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே’ என்பார். அவர் யாரிடமாவது பேசினால்தானே?

சரி, போதும், கம்பெனியை மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. ரொம்பச் சுலபமாம். ‘போர்ட்’ என்று இங்கிலீஷில் அடித்து, கொஞ்சம் இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எந்த சிம்மிலிருந்து? அதே சிம்மிலிருந்து! டவர் இல்லை என்றுதான் போகிறேன். போகிறேன் என்று சொல்லவும் டவர் வேண்டும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாமியாரிடமே பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு நிற்கிற கதை.

தொட்டி ஏறி, அஞ்சாவது தடவையில் மெசேஜ் போனது. புதுக் கம்பெனிக் கடையில் கொடுப்பதற்கு எட்டு எழுத்தில் ஒரு ரகசியக் குறியீடு வந்தது. அதற்கு ஆயுள் நாலே நாள். முதல் நாள் கோத்தகிரிக் கடையில் ‘சர்வர் டவுன் அக்கா’. ரெண்டாம் நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸே வரவில்லை. நாலாம் நாள் கடைத் தம்பிக்கு மச்சினன் கல்யாணம். அஞ்சாம் நாள் குறியீடு செத்துப்போய்விட்டது. மறுபடி தொட்டி. மறுபடி 1900.

அந்த ரெண்டாவது குறியீடு வந்து இறங்கப் பார்க்கிறேன், கீழே ஒரு காட்டெருமை. தொட்டியை ஒட்டி இருக்கிற புல்லை அது நிதானமாக, ஒவ்வொரு இதழாக ருசித்துத் தின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் மூடுபனி. அது கிளம்புகிறவரை நான் இறங்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனிக்கு என்மேல் பாசம் பொங்கி, மனசை மாற்ற போன் மேல் போன் அடித்தார்கள்.

முதல் கால்தான் அந்த ‘ட’. ரெண்டாவது காலில் வேறொரு பெண். குட் ஈவினிங், உங்க பேர், உங்க நம்பர் என்று முதலிலிருந்து. நான் பேர் சொன்னேன், கட். மூன்றாவதில் இன்னொரு தம்பி: ‘மேடம், உங்களுக்காக ஸ்பெஷல் ஆஃபர், தினமும் ஒரு ஜிபி கூடுதல் டேட்டா!’ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அழுகிறவளுக்குக் குடம் இலவசம். நான் வாயைத் திறந்தேன், கட். எருமை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்றது. நாலாவது காலில் வந்தவன்தான் என் தலையில் தீயை வைத்தான். ‘மேடம், நீங்க பேசறது விட்டு விட்டுக் கேக்குது. கொஞ்சம் டவர் இருக்கற இடமாப் பாத்து வந்து பேசுங்க.’

எங்கே வர? எருமை மேலேயா?

நாற்பது நிமிஷம். ஸ்வெட்டர்கூடப் போடவில்லை.

இதோடு முடிந்ததா? போகிற புதுக் கம்பெனியில் 4ஜி-க்குக் கீழே எதுவும் கிடையாதாம். என் பழைய போனில் 4ஜி-யிலேயே பேச வைக்கிற ‘வோல்ட்டி’ வசதி இல்லை, அதில் அந்த சிம்மைப் போட்டால் கூப்பிட முடியாது. ஆக, சிம் மாற்றப் போனவள் போனும் வாங்க வேண்டியதாயிற்று. மேட்டுப்பாளையத்துக் கடையில் ஒரு பையன் 108 மெகாபிக்சல், 120 ஹெர்ட்ஸ், 5ஜி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எங்கள் ஊரில் ஒரு ஜி-யே உருப்படியாக இல்லை தம்பி, இதில் டவர் நல்லா எடுக்குமா என்றேன். ‘செல்ஃபி சூப்பரா வரும்க்கா’ என்றான். கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன் மகன்தான் விவரம் சொன்னான்: ‘அத்தை, 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டெல்லாம் போன்ல இருக்கான்னு பாருங்க. அலைவரிசை குறைய குறைய மேடு, மரமெல்லாம் தாண்டி வரும்.’ அந்த விவரம் பொடி எழுத்தில். செல்ஃபி மட்டும் போஸ்டர் சைஸில். கைரேகை வைத்தால் திறக்குமாம். காலையில் ஐஸ் தண்ணீரில் பாத்திரம் தேய்த்த விரலை அது யாரோ என்று நினைக்கிறது. பனி ஈரம் பட்டால் திரை தானாகவே வேலை செய்து, இதுவரை கொழுந்தனாருக்கு ரெண்டு தடவை போன் போட்டிருக்கிறது.

எப்படியோ, மூணு வேலை நாள் என்றார்கள், ஆறாம் நாள் ராத்திரி பழைய சிம் அடங்கியது. இன்று காலை புது சிம். சமையற்கட்டில் நிற்கிறேன், சிக்னல் ஒரு கோடு. சமையற்கட்டில்! தொட்டி ஏறாமல்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே மணி அடித்தது. சென்னையிலிருந்து வீட்டுக்காரரின் சித்தி மகள்.

‘அண்ணி, இப்பதான் உங்க லைனே கிடைக்குது! மே மாசம் நாங்க பத்து பேர் வர்றோம். அந்த இ-பாஸை நீங்களே எடுத்து அனுப்பிடுங்களேன், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. வர்க்கி அஞ்சு கிலோ சொல்லி வச்சிடுங்க.’

நீலகிரிக்குள் வர 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், வருகிறவர்கள் தாங்களே எடுக்க வேண்டியது, அதுகூடத் தெரியாமல் பத்து பேர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கீசர். சீசனுக்கு சீசன் பந்தியில் உட்காருகிற மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டு, ‘இங்க ஒரே குளிர்’ என்று என்னிடமே குறை சொல்வார்கள். நானா குளிரைப் போட்டேன்?

‘ஹலோ, ஹலோ, கேக்கலையே’ என்று சொல்லிக்கொண்டே மெதுவாக ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தேன். அங்கே இன்னும் டவர் கிடையாது.