எண்ணெய் தேவையில்லைன்னு எழுதினவர் அதைக் கடிச்சுப் பார்த்தாரா?

மறுபடியும் அதே வரி. ஃப்ரோசன் டம்ப்ளிங் (மோமோ மாதிரி, மாவுத் தோலுக்குள்ள பூரணம் வெச்சு மடிச்சது) பாக்கெட்டோட பின்பக்கத்துல, "ஏர் ஃப்ரையர்: 200 டிகிரி, 10 நிமிடம். எண்ணெய் தேவையில்லை." அவ்வளவுதான். இதை எழுதினவர் பத்து நிமிஷம் கழிச்சு வெளியே வந்ததை ஒரு தடவையாவது வாயில வெச்சிருந்தா, இந்த வரி அச்சுக்கே போயிருக்காது.

அந்த ஏர் ஃப்ரையர் கூடைக்குள்ள என்ன நடக்குதுன்னு வரிசையா பாருங்க. முதல் ரெண்டு நிமிஷத்துல மேல ஒட்டியிருக்கிற ஐஸ் உருகுது. அந்த ஈரம் மாவுல இறங்குறதுக்குள்ள விசிறிக் காத்து அதை அடிச்சுக் காய வெச்சிடுது. மாவு வேகணும்னா சூடு மட்டும் போதாது, தண்ணியும் வேணும். மாவுல இருக்கிற ஸ்டார்ச் 60, 65 டிகிரி வாக்குல தண்ணியை உறிஞ்சி உப்பினாத்தான் அது வெந்த மாவு. இங்க சூடு வரும்போது ஈரம் போயே போச்சு. நாலாவது நிமிஷம் தோல் வெளுக்குது. ஆறாவது நிமிஷம் அந்த மடிப்பு! மத்த இடத்துல ஒரு அடுக்குன்னா மடிச்ச இடத்துல மூணு அடுக்கு. அதுவும் ஹீட்டருக்கு நேர் கீழே, பக்கத்துல. எட்டாவது நிமிஷம் நுனி கருகுது, அதுக்கு அரை விரல் கீழே மாவு இன்னும் பச்சை. பத்தாவது நிமிஷம் பீப் அடிக்குது. திறந்தா வெள்ளைத் திட்டுத் திட்டா மாவு பூத்த தோல், கருகின ஓரம், பல்லுக்குச் சவால் விடுற மடிப்பு.

இதுக்குப் பேரு மொறுமொறு இல்லைங்க. காய்ஞ்ச அட்டை. வெந்த மாவோட மேல்தோல் எண்ணெய்ச் சூட்டுல பொரிஞ்சு உடையணும், அதுதான் மொறுமொறுப்பு. எண்ணெய் இல்லாத இடத்துல சூடு சீரா ஏறாது. அதனாலதான் அந்தத் திட்டு.

என்ன பெரிய வேலை இது? ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே, உருக விடாம, கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. வடிகட்டியில நல்லா வடிய விடுங்க, தண்ணி சொட்டினா எண்ணெய் ஒட்டாது. 12 டம்ப்ளிங்குக்கு ரெண்டு டீஸ்பூன் எண்ணெய். பிரஷ்ஷால மடிப்பு இடுக்கு வரைக்கும் தடவணும், கூடையிலயும் தடவணும், இல்லேன்னா ஈரத் தோல் கம்பியோட ஒட்டிக்கிட்டு அடிப்பாகம் கிழிஞ்சு சாறெல்லாம் கீழே ஓடிடும். 190 டிகிரியில 3 நிமிஷம் காலியா சூடாக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஒரே அடுக்கா அடுக்குங்க. ஆறு நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னும் மூணு நாலு நிமிஷம். நிறத்தைப் பார்த்து நிறுத்துங்க. உள்ளே பச்சை இறைச்சின்னா நடுவுல 74 டிகிரி தொட்டிருக்கணும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, "முதல்ல வெளியே எடுத்து வெச்சு ஐஸ் விடட்டும்"னு சொல்றவங்க. ஐஸ் விட்டா பூரணத்துத் தண்ணி தோல்ல இறங்கி எல்லாம் ஒரே உருண்டையா ஒட்டிக்கும். பிரிச்சா கிழியும். வேணாம்னா வேணாம்!

காலிக் கூடையில பேக்கிங் பேப்பர் விரிச்சு சூடாக்கச் சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. மேல பாரம் இல்லாத பேப்பரை அந்தக் காத்து தூக்கி ஹீட்டர்ல ஒட்ட வெச்சிடும். தீப்பிடிச்சா யாரு பொறுப்பு? ஸ்ப்ரே டப்பா எண்ணெயும் வேண்டாம். அதுல லெசித்தின்ங்கிற சேர்மானம் கலந்திருந்தா நான்ஸ்டிக் மேல பிசினா படிஞ்சிடும், தேய்ச்சாலும் போகாது.

இவ்வளவும் பாக்கெட்ல நாலு வரியில அச்சடிக்கலாம். இடமா இல்லை? முன்பக்கம் முழுக்கப் பொன்னிறமா மின்னுற படம் போட இடம் இருக்கே! அந்தப் படத்துக்கு மேலதான் "இங்கே கிழிக்கவும்"னு ஒரு கோடு வேற. அந்தக் கோட்டுல ஒரு பாக்கெட்டாவது கிழிஞ்சிருக்கா? இழுக்க இழுக்கக் குறுக்கால ஓடி, ஜிப்பையும் சேர்த்துப் பிய்ச்சுக்கிட்டுத்தான் நிக்குது. மிச்சம் பாதியை எதுல கட்டி ஃப்ரீசர்ல வைக்கிறது, சொல்லுங்க!