பாளை ஜெயிலில் ராத்திரிக்குத் தனிக் கணக்கு கிடையாது

"பாளையங்கோட்டை ஜெயிலில் பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள், ஆயுள் கைதி ஏழே வருசத்தில் வந்துருவான்" என்று திருநெல்வேலி வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிறதே, சுத்தப் பொய். எந்த ஜெயிலிலும் 24 மணி நேரம்தான் ஒரு நாள். ஆயுள் என்றால் சாகும்வரை. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தண்டனைக் கழிவையும் (நன்னடத்தை, வேலைக்காக ஜெயிலில் குறைக்கும் நாட்கள்) சேர்த்தால் 20 வருசம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1961-இல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, ஆயுள் என்றால் 14 வருசம்தான் என்று சொல்கிறார்களே, அது? கொலைக்கு ஆயுள் பெற்றவரை அரசு முன்கூட்டி விடுவதென்றால் குறைந்தது அவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978-இல் சேர்த்த 433ஏ பிரிவு (அதற்குப் பதில் வந்த இப்போதைய சட்டத்தில் 475) சொல்கிறது, ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம் தனி. 14 முடிந்ததும் கேட் தானாகத் திறக்காது. பரோலில் வந்தவரைப் பார்த்துவிட்டு 'விட்டுட்டாங்க' என்று கிளப்பாதீர்கள், லீவு முடிந்தால் அவர் திரும்ப உள்ளே போக வேண்டியவர்.