அண்ணாச்சி கடை பிளெக்ஸ்

(ஸ்கூல் தொறக்க நாலு நாள் இருக்கு. பிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னாடி தம்பி, அவன் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு அண்ணாச்சி.)

அண்ணாச்சி: "பிராண்ட் நியூ ஸ்டேஷனரி"ன்னு இங்கிலீஷ்ல பெருசா போடுப்பா, கான்வென்ட் புள்ளைங்களோட அம்மாக்கள்லாம் வர்ற கடை, ஒரு எழுத்து தப்புன்னாலும் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருவாங்க.

தம்பி: உங்க சீட்டுலயே தப்பு அண்ணாச்சி. பிராண்ட்ல கடைசி டி இல்ல. பிரான்னா தவிடு.

அண்ணாச்சி: தவிடா! அந்த டி-ய எவன்யா வாய் தொறந்து சொல்றான்?

தம்பி: பேசும்போது முழுங்கலாம், பிளெக்ஸ்ல முழுங்க முடியாதுல்ல.

அண்ணாச்சி: சரி போடு. ஆனா நம்மகிட்ட இருக்கறது அதே பழைய கம்பெனி நோட்டு தான, புது பிராண்டுன்னு போட்டா பொய்யாயிராது?

தம்பி: இது அந்த பிராண்ட் இல்ல. பழைய இங்கிலீஷ்ல பிராண்ட்னா நெருப்பு, கொள்ளிக்கட்டை. கொல்லன் உலைல இருந்து இப்பதான் சுடச்சுட எடுத்த மாதிரி, நம்ம புத்தம்புதுசுன்னு சொல்றோம்ல, அது.

அண்ணாச்சி: பேப்பர் விக்கிற கடை வாசல்ல கொள்ளிக்கட்டை. விளங்கிரும்.

தம்பி: அப்புறம் பிராண்டுக்கும் நியூவுக்கும் நடுவுல ஒரு சின்னக் கோடு வரும், பின்னாடியே பொருள் பேரு வருதுல்ல, அதனால.

அண்ணாச்சி: கோட்டுக்குத் தனி காசா?

தம்பி: சதுர அடிக் கணக்குதான், கோடு சும்மா. அடுத்து ஸ்டேஷனரி. கடைசி ஆர்-க்கு முன்னாடி ஏ போட்டிருக்கீங்க. ஏ போட்டா அசையாம ஒரே எடத்துல நிக்கிறதுன்னு அர்த்தம்.

அண்ணாச்சி: ரெண்டு வருஷமா நம்ம வியாபாரம் அப்படித்தான்பா நிக்குது, சரியாத்தான எழுதிருக்கேன்.

தம்பி: நோட்டு, பேனான்னா ஈ வரணும். என்வலப்புக்கு ஈ-ன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

அண்ணாச்சி: ஈயா? உள்ள உக்காந்து நாள் பூரா அதத்தான ஓட்டிட்டிருக்கேன், போர்டுல வேற ஏத்தணுமா!

தம்பி: ரெண்டு வார்த்தையும் ஒரே குடும்பம் தான் அண்ணாச்சி. அந்தக் காலத்துல ஐரோப்பால தெருத்தெருவா கூவி விக்காம ஒரே எடத்துல கடை போட்டு புக்கு வித்தவங்களத்தான் ஸ்டேஷனர்னாங்க.

அண்ணாச்சி: அப்ப நின்னதுனாலதான் அந்தப் பேரே! ஏ-யே போடு.

தம்பி: தப்பு அண்ணாச்சி.

அண்ணாச்சி: அட போப்பா. பேசாம தமிழ்லயே "எழுதுபொருள் கடை"ன்னு அடிச்சுரு.

தம்பி: சரி. எழுதுக்கும் பொருளுக்கும் நடுவுல ப் வருமா, வராதா?

(அண்ணாச்சி ரொம்ப நேரம் ஃபேனையே பாக்குறார்.)

அண்ணாச்சி: ஈயே இருக்கட்டும்.