அந்தப் படம் யாருக்காக?

ஆஸ்பத்திரி போர்டில் இருந்த படம் புரியாமல் ஒரு பாட்டி வேறு வரிசையில் போய் நின்றதை ஞாயிற்றுக்கிழமை போட்டோவோடு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். "உலகம் முழுக்க இதே ஐகான்தான், பாட்டி கத்துக்கட்டும்" என்று எழுதிய தம்பிக்கும், அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

அந்தப் பாட்டி என் பெரியம்மா. ஏற்காட்டில் நாகலூர் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர். ரத்தம் எடுக்கிற அறைக்கு மேலே மெல்லிய கோட்டில் ஒரு சொட்டு, சுற்றிலும் நீல வட்டம், கீழே ஆங்கிலம். தண்ணீர் பிடிக்கிற இடம் என்று நினைத்து நகர்ந்து, எக்ஸ்ரே வரிசையில் போய் நின்றுவிட்டார். நீலத்தில் சொட்டு வரைந்தால் வேறென்ன நினைப்பார்?

அவருக்கு எழுத்துதான் தெரியாது, படம் நன்றாகவே தெரியும். காப்பி எஸ்டேட்டில் பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார். அடியில் சிவப்பு முக்கோணம் என்றால் கை வைக்க மாட்டார், பச்சை என்றால் விஷம் குறைவு என்று தெரியும். மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார், பிடித்துக்கொண்டார். படம் பார்க்கிறவருக்காக வரையப்பட வேண்டும் என்றுதான் அன்றும் எழுதினேன், இன்றும் எழுதுகிறேன்.

1951-52 முதல் பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். வாக்காளர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. இரட்டைக் காளை, குடிசை, கதிர் அரிவாள் என்று அவர்கள் தினம் பார்க்கிற பொருட்களே சின்னங்களாக வந்தன. மெக்சிகோ நகர மெட்ரோ 1969-இல் ஓடத் தொடங்கியபோது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் வைத்தார்கள். சபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி, அந்தப் பெயருக்கே 'வெட்டுக்கிளிக் குன்று' என்றுதான் அர்த்தம். எங்கிருந்தோ வாங்கி ஒட்டவில்லை.

"எக்ஸிட் போர்டில் ஓடுகிற மனிதன் ஜப்பானில் வரைந்ததுதானே, எல்லோருக்கும் புரிகிறதே?" சரி, புரிகிறது. கதவைப் பார்த்து ஓடுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வளைந்த அம்பு புரிகிறது, ஏனென்றால் ரோடே அப்படித்தான் வளைகிறது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற காரியமா?

"தமிழில் எழுதினால் போதுமே" என்கிறார் இன்னொருவர். கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் பெரியம்மாவுக்கு அதுவும் உதவாது. சேலத்தில் கட்டட வேலை பார்க்கிற பீகார் பையனுக்கும் உதவாது. உலகம் ஊருக்குள் வந்துவிட்டது என்று பேசுகிறோமே, அவனும் அந்த உலகம்தான். அவனுக்கும் சேர்த்து வரையத்தான் படம்.

செலவு என்று சொல்லாதீர்கள். அந்த நீல போர்டுக்கும் செலவுதான்.

எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை. "கூட ஆள் இல்லாம ஏன் வந்தீங்க?" என்று கவுன்ட்டரில் கேட்டார்களாம். ஒரு மனுஷி தனியாக வந்து தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியாத இடமாக அதை ஆக்கியது அந்த போர்டு. அதைக் கேட்காமல் அவருடைய படிப்பைக் கேட்கிறீர்கள்.

அடுத்த போர்டு அடிக்கும் முன் அந்தப் படத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் இறங்குகிறவர்களிடம் காட்டுங்கள். "இது என்னங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போய், அப்புறம் வரையுங்கள்.