பூட்டோடு வரும் சாவி, தனியே வரும் சாவி

பூட்டுத் திறப்பைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளம் நண்பர் ஒருவர், லிஃப்டுகளின் அவசரச் சாவிகளை ஒரு கொத்தாக எங்கே வாங்கலாம் என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். இடம் எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாக இதே பித்தில் திரிபவன், வீட்டு அலமாரியில் அறுபதுக்கு மேற்பட்ட பூட்டுகளை அடுக்கி வைத்திருப்பவன், சாவி என்றதும் போலீஸ்காரரைப் போல முகத்தை வைத்துக்கொள்கிறானே என்று அவருக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருப்பதால் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

அபூர்வச் சாவிகள்மேல் எங்களைப் போன்றோருக்கு ஆசை வருவது இயல்பு. பின்லாந்தின் அப்லாய் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் எமில் ஹென்ரிக்சன் உருவாக்கிய அந்த அமைப்பில், சாதாரணப் பூட்டுகளுக்குள் இருக்கும் 'பின்' என்ற சிறு உலோகக் குச்சியும் இல்லை, அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் இல்லை. வரிசையாக நிற்கும் வட்டத் தகடுகள்தாம் உண்டு. எத்தனை வரைபடம் பார்த்தாலும் எனக்கு அது பிடிபடவில்லை. சாவியின் தண்டில் வெவ்வேறு கோணங்களில் சீவப்பட்ட வெட்டுகளை விரலால் தடவி, ஒவ்வொரு வெட்டும் தன் தகட்டை எவ்வளவு சுழற்றுகிறது என்று திறந்து வைத்த பூட்டில் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆகவே, பொழுதுபோக்குக்காரனுக்குச் சாவி எதற்கு, அவன்தான் கம்பியால் திறக்கிறானே என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நமக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் வெட்டாத சாவிதான். கடைத்தெருவில் பிளாங்க் என்பார்கள். அதைவிட ஒரு படி மேலானது ஆழச் சாவிக் கொத்து. அமெரிக்க வீடுகளில் பரவலாக இருக்கும் ஷ்லேஜ் பூட்டில், ஒரு வெட்டின் ஆழம் 0 முதல் 9 வரை பத்துப் படிகளில் அமையும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசம் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். அந்தக் கொத்தில் ஒவ்வொரு சாவியும் எல்லா இடங்களிலும் ஒரே ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கும். அவற்றை மாதிரியாக மாற்றி மாற்றி வைத்தால், தெருமுனைக் கடையில் இருக்கும் சாதாரணச் சாவி இயந்திரத்திலேயே, வெட்டுகளின் ஆழத்தைச் சொல்லும் எந்த எண் குறியீட்டுக்கும் சாவி வெட்டிவிடலாம். குறிப்பிட்ட ஒரு கதவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சாவி அதில் ஒன்றுகூட இல்லை.

பிளாங்க் ஒன்றும் நல்ல அரம் ஒன்றும் கையில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது. சாவியைச் சொந்தப் பூட்டில் விட்டு, இறுக்கித் திருப்பி, மேலும் கீழும் மெல்ல அசைத்து வெளியே எடுத்து, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், பித்தளையின் முதுகில் எறும்புத் தலையைவிடச் சிறிய ஒரு பளபளப்பு தெரியும். அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி உள்ளே. சரியான ஆழத்தை எட்டிய இடத்தில் பளபளப்பு வருவது நின்றுவிடும். முதன்முதலில் இப்படி ஒரு சாவியை முடிக்க எனக்கு நான்கு பிளாங்குகளும் ஒரு கட்டைவிரல் நகமும் செலவாயின.

உயர்பாதுகாப்புப் பூட்டுகளுக்கு இந்த பிளாங்கே கிடைப்பதில்லை என்பதுதான் நண்பர்களின் பெரிய புலம்பல். சாவியின் வடிவத்துக்குத் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்றிருப்பார். பொதுவாக 20 ஆண்டுகளுக்குப் பிற நிறுவனங்கள் அதைச் செய்ய முடியாது. வாங்கியவரிடம் தரப்படும் அட்டையைக் காட்டினால்தான் அங்கீகரிக்கப்பட்ட கடையில் இன்னொரு சாவி வெட்டித் தருவார்கள். காப்புரிமை முடிந்தபின் பிளாங்குகள் சந்தைக்கு வரத் தொடங்கும் என்பதாலேயே, புதிய காப்புரிமையோடு புதிய மாதிரியை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். முல்டிலாக் நிறுவனத்துப் பூட்டுகளின் சில வகைகளில் சாவியின் உடலுக்குள்ளேயே அசையும் சிறு உறுப்பு ஒன்று இருக்கும்; வெறும் பித்தளைத் துண்டை வெட்டி அதை நகலெடுக்க முடியாது. இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சாவி வேண்டுமானால் பூட்டையே சாவியோடும் அட்டையோடும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். பணம் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். அதற்கு மாறாக, சாவியின் தலையில் 'நகல் எடுக்காதீர்' என்று பொறித்துவிட்டுத் திருப்தி அடைவது வீண்வேலை. அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர்களின் சங்கமான அலோவாவே அந்த வாசகம் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது என்று எச்சரித்திருக்கிறது.

நண்பர் கேட்டது இந்த வகைச் சாவியே அல்ல. அவர் கேட்டது பூட்டு இல்லாமல் தனியே வரும் சாவி. இப்போதும் ஊரில் புழக்கத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான கதவுகளுக்குப் பொதுவான சாவி. 2012இல் நியூயார்க் நகரில், ஓய்வுபெற்ற பூட்டுத் தொழிலாளி ஒருவர் இணைய ஏலத்தில் விற்ற ஐந்து சாவிகளை நியூயார்க் போஸ்ட் நாளிதழ் 150 டாலருக்கு வாங்கியது. தீயணைப்புப் படையினர் லிஃப்டுகளைத் தம் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரும் சாவியும் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் கடிதப் பெட்டிகளைத் திறக்கும் அஞ்சல் சாவியைத் திருடினாலோ, தவறான நோக்கத்தோடு வைத்திருந்தாலோ பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஜப்பானிலோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தக்க காரணமில்லாமல் பூட்டுத் திறக்கும் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். இந்தச் சட்டங்களைக் காட்டி நண்பரை மிரட்டுவது என் நோக்கமல்ல. என் தயக்கத்துக்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படியொரு கொத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். சேகரிப்புக்காக மட்டுமே என்று மனைவியிடம் சொன்னேன்; அப்போது அது உண்மையாகவும் இருந்தது. மூன்றாம் நாள் இரவு, காலணி வாங்கிய குழந்தை அதைப் போட்டுக்கொண்டே தூங்கப் பார்ப்பதைப்போல, அந்தக் கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினேன். ஐந்தாவது சாவி பலகையின் துளையில் நுழைந்து, தடையே இல்லாமல் கால் வட்டம் திரும்பியது. மூடி திறந்ததும் உள்ளே இருந்த விசைகளைப் பார்த்து எனக்கு வந்தது பெருமை அல்ல, வயிற்றைக் கலக்கும் பயம். 'உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. புழக்கத்தில் இருக்கும் பூட்டில் விளையாடாதே' என்னும் எங்கள் பொழுதுபோக்கின் இரண்டு விதிகளையும் ஒரே திருப்பில் மீறியிருந்தேன். மறுநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டேன். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பராமரிப்பு நிறுவனம் பூட்டை மாற்ற நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டது வேறு கதை.

கம்பியால் திறப்பதில் இந்தச் சபலம் இல்லை; அங்கே பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும், யோசிக்க நேரமும் கிடைக்கும். 1851இல் லண்டனில் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர், திறப்பவருக்குப் பரிசு என்று பிராமா நிறுவனம் அறிவித்திருந்த சவால் பூட்டைத் திறக்க 16 நாட்களில் 51 மணிநேரம் உழைத்தார். அதையும் பூட்டின் சொந்தக்காரர்கள் சம்மதித்து, நடுவர்கள் மேற்பார்வையிட, ஒப்பந்தத்தின்படியே செய்து 200 கினி பரிசு பெற்றார். பொதுச்சாவிக்கோ ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் மனம் நல்லது கெட்டது யோசிக்காது.

இதற்கு நண்பர் சொல்லும் மறுப்பையும் நான் அறிவேன்: மறைத்து வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுமா? வராதுதான். அமெரிக்க விமான நிலையங்களில் பெட்டிகளைச் சோதிக்கும் அதிகாரிகளின் பொதுச்சாவிகள் 2014இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட படம் ஒன்றில் தெளிவாகத் தெரிந்தன. அடுத்த ஆண்டே அவற்றின் முப்பரிமாணக் கோப்புகள் இணையத்துக்கு வந்து, பலர் வீட்டிலேயே பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் திறந்து காட்டினார்கள். 2016இல் அதே அதிகாரிகள் பயன்படுத்தும், இன்னொரு நிறுவனத்துப் பெட்டிப் பூட்டுகளுக்கான பொதுச்சாவியும் வெளியானது. அதற்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. கடையில் விற்கும் பூட்டுகளை வாங்கிப் பிரித்து, அவற்றுக்குள் பொதுவாக இருந்ததைக் கணக்கிட்டே சாவியை வருவித்தார்கள். எல்லா அறைகளையும் ஒரே சாவி திறக்கும், அலுவலகங்களில் உள்ள மாஸ்டர் சாவி முறையில், ஒரே ஒரு அறையின் சாவியும் சில பிளாங்குகளும் இருந்தால் மாஸ்டர் சாவியையே கண்டறியலாம் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மேட் பிளேஸ் 2003இல் எழுதியபோது, தொழிலில் இருந்தவர்கள் பலர் கொதித்தார்கள். அவர்களுள் சிலருக்கு அந்த வித்தை முன்பே தெரியும் என்பதுதான் வேடிக்கை.

இந்த நிகழ்வுகளை நான் எங்கள் பொழுதுபோக்கின் பெருமைகளாகவே பார்க்கிறேன். ஒரு நகரமே ஒரே பல்வரிசையை நம்பியிருப்பது யாருடைய தவறு என்று கேட்டால், அப்படி அமைத்தவர்களின் தவறுதான். ஆனால் 2016இல் அந்தச் சாவியைக் கண்டுபிடித்தவர்கள், தங்கள் காசில் வாங்கிய பூட்டுகளை மேசைமேல் பரப்பி வைத்து யோசித்துக் கண்டுபிடித்தார்கள். இணையத்தில் கொத்தாக வாங்கிய எனக்கோ என் சாவிகள் எதையும் கற்றுத்தரவில்லை. எண் பொறித்த எட்டுப் பித்தளைத் துண்டுகள், ஒரு கெட்ட இரவு, கிடைத்தது அவ்வளவே.

எங்கள் பகுதியில் மரத்தடியில் குடையை விரித்து, இரும்பு வளையத்தில் நூற்றுக்கணக்கான சாவிகளைக் கோத்து மாட்டியிருக்கும் சாவிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆசைப்பட்டு நான் வாங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்றின் சாவி தொலைந்தபோது, அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்ததால் அதைக் காட்டி வெட்டித் தரச் சொன்னேன். படத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"பூட்டைக் கொண்டாங்க சார். சாவியை மட்டும் கேட்டா நான் யாருக்கும் போடுறதில்ல."

பூட்டை எடுத்துச் சென்றேன். அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே சாவி தூக்கும் தகடுகளான லீவர்கள் எத்தனை என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரத்தில் அரத்தாலேயே இரண்டு சாவிகளைச் செய்து கொடுத்தார். அவர் அரத்தைப் பிடித்த விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இன்றும் சில சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்காருகிறேன். நண்பர் வருவதானால் அழைத்துப் போகிறேன். வரும்போது பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும்.