பட்டிப்பூவை விட்டுவிட்டீர்களே
"மூலிகை தேடி அலைந்த காலம் முடிந்தது, இனிப் புற்றுநோய் மருந்தெல்லாம் இலக்குப் புரதத்தைப் (மருந்து போய்த் தாக்க வேண்டிய புரதத்தை) பார்த்துக் கணினியில் வரைவதுதான்" என்று உங்கள் கட்டுரை அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதில் சான்றாகக் காட்டிய இமாட்டினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தே (2001இல் அனுமதி பெற்றது) அப்படிப் பிறந்ததில்லை. அதன் மூல வடிவம் வேறொரு புரதத்துக்காக வேதிப்பொருட்களைச் சலித்தபோது அகப்பட்டது, அதை இலக்குக்கு ஏற்பச் செதுக்கியது பிறகுதான். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிற பட்டிப்பூவின் (நித்தியகல்யாணியின்) கதை இன்னும் விசித்திரம். கனடாவில் நோபிள், பியர் என்ற ஆய்வாளர்கள் 1950களில் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தது நீரிழிவுக்கு உதவுமா என்று பார்க்கத்தான். சீனி குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்து எலிகள் தொற்றில் செத்தன. அந்தத் தடத்தில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியிலிருந்து வந்த இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் இன்றும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றப்படுகிறது. எந்த இலக்கை வைத்து இதைத் தேடியிருப்பார்கள்? அதற்காக, மேலே கருத்துகளில் ஒருவர் "அப்ப இலையை அவிச்சுக் குடிச்சாலே போதுமே" என்று எழுதியிருப்பது ஆபத்து. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்; கோப்பையில் என்னென்ன எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வழியில்லை. எங்கட சின்னம்மா கீமோ ஏற்றுகிற நாட்களில் யாரோ சொன்னதைக் கேட்டு இதைக் குடித்துவந்தா. டொக்டருக்குத் தெரிந்ததும் முதல் வேலையாக நிறுத்தச் சொன்னார், ஏற்கெனவே அவவுக்கு வெள்ளை அணுக்கள் குறைவு.