ஊட்டி பிலிம் ஆலை: ஒரே ராத்திரியில் மூடப்படவில்லை

"ஆசியாவின் ஒரே பிலிம் நகரம் ஊட்டி, டிஜிட்டல் கேமரா வந்ததும் ஒரே ராத்திரியில் இந்து நகர் ஆலையை மூடிவிட்டார்கள்" என்ற செய்தி நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஜப்பானில் ஃபுஜி நிறுவனம் 1934-லேயே போட்டோ பிலிம் தயாரிப்பில் தொடங்கிவிட்டது; எனவே ஊட்டி ஆசியாவில் ஒரே இடம் அல்ல. இந்து நகர் ஆலையை நடத்திய, 1960-இல் பதிவான நம் மத்திய அரசு நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1996-இல் நலிந்த (நஷ்டத்தில் மூழ்கிய) நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அப்போது கல்யாண வீடுகளில் பிலிம் சுருள்தான். சாதாரண மக்கள் கையில் டிஜிட்டல் கேமரா ஏது? இறக்குமதித் தீர்வைக் குறைப்பும், பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடனும் வட்டியும்தான் கழுத்தை நெரித்தன. அதன் பிறகும் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் பழைய சம்பளத்திலேயே காத்துக் கிடந்தார்கள். விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2014-இல்தான். பத்திரிகை தகவல் அலுவலகத்தின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

'ஒரே ராத்திரி' என்று எழுதினால் அவர்கள் பட்ட பாடு மறைந்துபோகிறது. தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.